துணைக்கு வந்தவள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு ஏதாவது கௌரவமான இடத்தில் பிறந்ததாகச் சொல்லலாமென்று மூன்று தாள் எழுதிப் பார்த்தேன். பெண்கள் கனரக வண்டி ஓட்ட வருவதைப் பற்றிய கதை என்று ஒரு தாள். உழைப்பின் அழகு என்று ஒரு தாள். மூன்றாவதில் என்ன எழுதினேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதில் வானம், பறவையெல்லாம் வந்தன. மூன்றையும் கசக்கிப் போட்டுவிட்டேன். எனக்கு என் தங்கைமேல் பொறாமை. அவள் கிரேன் ஓட்டுவதைப் பார்த்து வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. அந்த எரிச்சலில் ஒரு காரியம் செய்தேன். கதை அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். உட்காருங்கள். அந்தக் காரியம் என்ன என்பதை ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன். நேராக அங்கே தாவாதீர்கள். அங்கே போகப் பயந்துதான் நானே இத்தனை பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

2

முதல் வரிகள், கிடைத்த வரிசையில்:

அவள் நெம்புகோலைத் தொட்டதும் அந்த இரும்பு—

(கூடாது. இப்படி ஆரம்பித்தால் இரும்புக்கு உயிர் வந்துவிடும். கதை முடியும்வரை அதற்கும் வசனம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.)

என் தங்கை சின்ன வயதிலிருந்தே எதைத் தொட்டாலும்—

(பொய். சின்ன வயதில் அவள் எதையும் உருப்படியாகச் செய்ததில்லை. சைக்கிள் கற்றுக்கொள்ளவே இரண்டு வருஷம் ஆனது, அதுவும் நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி.)

அவளைத் துணைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

இது உண்மை. இதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறு வருஷம் ஒரு கிரேன் வாடகை நிறுவனத்தின் வாசல் அறையில் வேலை பார்த்தேன். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுவது என் வேலை. ஓட்டுகிறவர்கள் கையெழுத்துப் போட ஜன்னலில் குனியும்போது அவர்கள் கைகளைப் பார்ப்பேன். எனக்கும் அந்த வேலை வேண்டும் என்று யாரிடமும் சொன்னதில்லை. பன்னிரண்டு வாரப் பயிற்சி, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று நிறுவனம் அறிவித்தபோது, அந்த அறிவிப்பைச் சுவரில் ஒட்டியதே நான்தான். பசை காய்வதற்குள் பெயர் கொடுத்துவிட்டேன்.

சேர்ந்தவர்களில் நான் மட்டும் பெண். தனியாக எப்படிப் போவாய் என்று அம்மா கேட்டாள். எனக்கும் உள்ளூரக் கூச்சம்தான். தங்கை அப்போது ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் வந்து என்னக்கா பண்ணப்போறேன்? மொட்டை மாடிக்குப் போனாலே எனக்குத் தலை சுத்தும்."

"கிரேன் ஓட்டறவங்க மேல ஏற வேண்டியதில்லடி. கீழ வண்டியிலதான் உக்காரணும். சும்மா வா. பிடிக்கலன்னா ஒரு வாரத்துல நின்னுடு."

ஒரு வாரத்தில் நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். (நினைத்தேனா, விரும்பினேனா? அடுத்த வரைவில் முடிவு செய்யலாம் என்று இரண்டு வரைவாகத் தள்ளிப்போடுகிறேன்.)

3

எங்கள் பயிற்சியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர். எதையும் அந்த அளவில்தான் சொல்வார். ஒரு மில்லிமீட்டர் தள்ளு, ரெண்டு மில்லிமீட்டர் இழு. யாராவது தாமதமாக வந்தால்கூட "ரெண்டு மில்லிமீட்டர் லேட்டு" என்பார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கிருக்கும் ஒரே குறை, பன்னிரண்டு வாரத்தில் ஒருநாள்கூட நான் ஓட்டியதைப் பாராட்டவில்லை என்பது.

முதல் இரண்டு வாரம் சுமையைத் தூக்கவே விடவில்லை. வண்டியை நிறுத்துவது எப்படி என்பதுதான் பாடம். நாலு பக்கமும் இரும்புக் கால்களை நீட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் கனத்த பலகை போட்டு, சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும்வரை தூக்கி நிறுத்த வேண்டும். ஒரு கால் மண்ணில் இறங்கினாலும் வண்டி சுமையோடு சாய்ந்துவிடும். சாய்கிறதா என்று பார்க்க இருக்கைக்கு எதிரே ஒரு குமிழ் உண்டு, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் இருப்பது மாதிரி. அது நடுவில் நிற்க வேண்டும்.

"குமிழப் பாக்கறதெல்லாம் அப்புறம்" என்பார் மில்லிமீட்டர். "வண்டி ஒரு மில்லிமீட்டர் சாஞ்சாலும் உக்காந்திருக்கற இடத்துல தெரியணும். அது தெரியாதவங்க இந்த வேலைக்கு வரக்கூடாது."

மூன்றாவது வாரம் சுமை. தண்ணீர் நிரப்பிய பீப்பாயைக் கொக்கியில் தொங்கவிட்டு நகர்த்தச் சொன்னார். அது ஆடியது.*

* ஆட்டத்தைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு. கிரேனின் நீண்ட கையை நாங்கள் பூம் என்போம். பூமை நிறுத்தினாலும் கீழே தொங்கும் சுமை நிற்காது. போன வேகத்தில் முன்னால் போகும், பிறகு திரும்பி வரும். அதை அடக்க ஒரே வழி, சுமை போகும் பக்கமே பூமையும் கொஞ்சம் கொண்டுபோய், ஆட்டம் முடியும் இடத்தில் அதன் தலைக்கு நேர் மேலே போய் நின்றுவிடுவது. இதற்கு ஆட்டத்தைப் பிடிப்பது என்று பெயர். பிடிக்கத் தெரியாமல் பின்னாலேயே விரட்டினால் ஆட்டம் இன்னும் கூடும். நான் விரட்டுகிற ஜாதி.

தங்கை முதல்முறை ஏறினாள். பீப்பாய் ஆடியது. அவள் இடது கையை லேசாக அசைத்தாள். பீப்பாய் நின்றுவிட்டது. மில்லிமீட்டர் அளவு சொல்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"எப்படிடி பண்ண?"

"தெரியலக்கா. அது வர்ற இடத்துக்கு முன்னாடியே போய் நின்னுட்டேன்."

இதைக் கேட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் இரண்டு கரண்டிகளைப் பிடித்துக்கொண்டு, விளக்குக் கயிற்றில் ஒரு தம்ளரைக் கட்டி ஆடவிட்டுப் பழகினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஆட்டத்தைப் பிடித்தவள் அப்போது முன்னறையில் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு பாடமும் உண்டு. இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

"சிக்னல் காட்டறது ஒருத்தர்தான். அவர் கைய மட்டும்தான் பாக்கணும்" என்றார் மில்லிமீட்டர். "ஆனா ரெண்டு கையையும் விரிச்சு நிறுத்துன்னு யார் காட்டினாலும் நிறுத்தணும். வாட்ச்மேனா இருந்தாலும் சரி, ரோட்டுல போறவங்களா இருந்தாலும் சரி. நிறுத்திட்டு ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கணும். என்னன்னு பாத்து முடிக்கற வரைக்கும் எதையும் தொடக்கூடாது. நிறுத்தச் சொன்னவங்கள ஏன்னு கேட்டு அதட்டவும் கூடாது. நன்றிதான் சொல்லணும். ஒரு தடவ அதட்டினா, அடுத்த தடவ நெஜமான ஆபத்துல கை தூக்க யோசிப்பாங்க."

நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

4

தங்கை பாத்திரம் சரியாக வரவில்லை. முதல் வரைவில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் கொடுத்துப் பார்த்தேன். திமிர் பிடித்தவள்மேல் பொறாமைப்பட்டால் நீங்கள் என் பக்கம் வந்துவிடுவீர்கள் என்று ஒரு நப்பாசை. "என்ன இருந்தாலும் உனக்கு வராதுக்கா" என்று ஒரு வசனம்கூட எழுதினேன். அது அவள் வாயில் ஒட்டவில்லை. அடுத்த வரைவில் அவளைத் தம்பியாக மாற்றினேன், அதற்கடுத்ததில் சித்தப்பா மகளாக. எப்படி மாற்றினாலும் அந்த இடது கை மட்டும் அவளுடையதாகவே இருந்தது.

உண்மையில் அவளுக்குத் திமிரே கிடையாது. என்னைவிட நன்றாக ஓட்டுகிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. மாலை பஸ்ஸில் வரும்போது, "நமக்கு நல்லா வருதுல்லக்கா" என்பாள். அந்த 'நமக்கு'வைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போல இருக்கும்.

பொறாமை தூரத்து மனிதர்கள்மேல் வருவதில்லை. எங்கோ ஒருத்தி ஆயிரம் டன் கிரேன் ஓட்டுகிறாள் என்றால் கேட்டுக்கொண்டு தூங்கப் போய்விடுவேன். ஒரே டிபன் பெட்டியில் சாப்பிட்டு, ஒரே பாடத்தைப் படித்து, ஒரே பஸ்ஸில் திரும்புகிறவளுக்கு ஏதோ ஒன்று சும்மா கிடைத்திருக்கிறது என்னும்போதுதான் வருகிறது. அதிலும் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனதே நான் என்றால் கேட்கவே வேண்டாம்.

பத்தாவது வாரம் நிறுவன மேனேஜர் வந்தார். சேர்ந்தவர்களில் பாதிப் பேர் வேறு நிறுவனங்கள் அனுப்பியவர்கள், சிலர் நடுவில் நின்றுவிட்டார்கள். எங்கள் நிறுவனத்துக்கென்று மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். புதிதாக வந்திருக்கும், இருபத்தைந்து டன் தூக்கும் வண்டி, தேர்வில் யார் நன்றாகச் செய்கிறார்களோ அவருக்கு என்றார். இன்னொருவர் அடுத்த வண்டி வரும்வரை பொறுக்க வேண்டும்.

அடுத்த வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு என்றால் அது மறுபடி வாசல் அறை. அந்த ஜன்னலில் என் தங்கை கையெழுத்துப் போடக் குனிவாள், நான் நேரத்தை எழுதுவேன்.

5

ஐந்தாவது பகுதி வந்துவிட்டது.

தேர்வுத் திடலில் இரண்டு வரிசையாகக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். நடுவில் வளைந்து வளைந்து போகும் பாதை. ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ஒரு டென்னிஸ் பந்து. பீப்பாயைத் தொங்கவிட்டபடி அந்தப் பாதையில் போய்த் திரும்ப வேண்டும். மூன்று பந்துவரை விழலாம், நாலாவது விழுந்தால் தோல்வி. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

முதலில் நான். மூன்று பந்து விழுந்தது. மயிரிழையில் தேறிவிட்டேன். இறங்கித் தண்ணீர் குடித்தேன். தங்கை என் தோளைத் தட்டி, "பாஸ்க்கா, பாஸ்" என்று சிரித்துவிட்டு ஏறினாள்.

போகும்போது அவளுக்கு ஒரு பந்துகூட விழவில்லை. திரும்பும்போதும் பாதிப் பாதைவரை ஒன்றும் இல்லை. பீப்பாய் தண்டவாளத்தில் போவது போலப் போனது. எங்களோடு படித்த லாரிக்காரர் ஒருவர் என் பக்கத்தில் நின்று, "உங்க தங்கச்சிக்குப் பொறக்கும்போதே லைசென்ஸ் குடுத்து அனுப்பிட்டாங்க" என்றார். நானும் சிரித்தேன். அப்போது என் கைகள் தாமாகவே—

(அடித்துவிட்டேன். கைகள் தாமாக எதையும் செய்வதில்லை.)

அப்போது நான், திடலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி இரண்டடி முன்னால் வந்தேன். அவள் கண்ணில் படும் இடமாகப் பார்த்து நின்றேன். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, வீசிக் காட்டினேன். உடனே நிறுத்து என்று அர்த்தம். பயிற்சியில் ஒருநாளும் அவ்வளவு சரியாக நான் காட்டியதில்லை.

அவள் அந்தக் கணமே நிறுத்தினாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

சட்டென்று நின்ற பூமுக்குக் கீழே பீப்பாய் ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டத்தை அவள் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருப்பாள். பிடிக்கவில்லை. எதையும் தொடக்கூடாது என்றால் தொடக்கூடாதுதான். மடியில் கை வைத்தபடியே, பீப்பாய் போய் ஒரு கம்பத்தைச் சாய்ப்பதையும், திரும்பி வந்து எதிர்க் கம்பத்தைச் சாய்ப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சந்தேகமே இல்லாத பார்வை. ஆபத்து எங்கே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கிற பார்வை.

"பின்பக்கம் இடது கால்... பலகை எறங்கற மாதிரி இருந்துச்சு" என்றேன்.

மில்லிமீட்டர் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். தூசி அடங்குவதற்காகக் காலையில் தண்ணீர் தெளித்திருந்ததால் அங்கே மண் ஈரமாக இருந்தது. தங்கையை இறங்கச் சொல்லிவிட்டு அவரே ஏறிக் குமிழைப் பார்த்தார். பிறகு தேர்வாளரிடம், "குமிழ் நடுவுலதான் இருக்கு. ஆனா மண்ணு ஈரம். சாயறதுக்கு முன்னாடியே கவனிச்சிருக்காங்க" என்றார். தேர்வாளர் என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி நன்றி சொன்னார். மில்லிமீட்டர் என்னைப் பார்த்து, "இப்படித்தான் இருக்கணும்" என்றார். பன்னிரண்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

6

ஐந்தாவது பகுதியோடு நிறுத்தியிருந்தால் இது சின்னக் கதை. பொறாமைக்காரி ஒருத்தி செய்த அற்பக் காரியம் என்று நீங்களும் முகம் சுளித்துவிட்டுப் போயிருக்கலாம்.

தங்கையின் தேர்வைச் செல்லாது என்று எழுதினார்கள். தோல்வி இல்லை, மூன்று மாதம் கழித்து அடுத்த தேர்வில் மறுபடி ஓட்டிக் காட்டலாம். மூன்று மாதம் வண்டி சும்மா நிற்காது. இருபத்தைந்து டன் எனக்கு வந்தது. தங்கைக்கு அதே வண்டியில் சிக்னல் காட்டும் வேலை கொடுத்தார்கள். அம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம், "பெரியவ மட்டும் பாக்கலன்னா சின்னவ இன்னிக்கு இல்ல" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அந்த நேரங்களில் குளிக்கப் போய்விடுவேன்.

நான் ஓட்டுகிறேன், அவள் கீழே நின்று கை காட்டுகிறாள். என் சுமை ஆடும்போதெல்லாம், சிக்னல் காட்டாத அவளுடைய இடது கை தொடையருகே லேசாகத் திரும்பும். ஆட்டத்தைப் பிடிக்கிற அசைவு. அவளுக்கே தெரியாமல் செய்கிறாள். கண்ணாடி வழியாக அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு விரட்டுவேன்.

(நான் ஏமாற்றியது அவளை மட்டுமா என்றும் ஒரு பத்தி எழுத வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது என்ற விதி, பயந்தவர்கள் தைரியமாகக் கை தூக்குவதற்காக இருக்கிறது. அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். நான் உண்மையைச் சொன்னால் இனிமேல் கை தூக்குகிறவர்களையெல்லாம் ஒரு கணம் உற்றுப் பார்ப்பார்கள். அதனால் சொல்லாமலிருப்பதே பொதுநலம் என்று ஒரு வாதத்தை எனக்காகத் தயாரித்தேன். எழுதிப் பார்த்தால் நன்றாகவே நிற்கிறது. அதுதான் அருவருப்பாக இருக்கிறது.)

போன வாரம் எண்பது டன் வண்டி ஒன்று வருவதாக மேனேஜர் சொன்னார். தங்கை தேறிவிட்டால் அது அவளுக்கு. என்னுடையது இருபத்தைந்து, அவளுடையது எண்பது. தேர்வு நாளை. நேற்று மதியம் சாப்பிடும்போது கேட்டேன்.

"பேர் குடுத்துட்டியா?"

"குடுக்கலக்கா. மருந்துக்கடையில மறுபடி கூப்பிடறாங்க. போயிடலாம்னு இருக்கேன்."

"ஏன்டி?"

"குமிழ் நகர்றதுக்கு முன்னாடியே உக்காந்திருக்கற இடத்துல தெரியணும்னு சொல்லுவார்ல. அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல. மூணு மாசமா யோசிச்சுப் பாக்கறேன், ஒரு துளிகூடத் தெரியல. வெளிய நின்ன உனக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப எனக்கு அந்த உணர்வே இல்லன்னுதான அர்த்தம்? கை நல்லா வந்து என்ன பண்ண? ஒருநாள் யாரையாவது கொன்னுடுவேன்."

சொல்லிவிட்டு டிபன் பெட்டியை மூடினாள். அழவில்லை. மூன்று மாதமாக அழுது முடித்தவள் பேசுகிற மாதிரி பேசினாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யோசிச்சு முடிவு பண்ணு" என்றேன். சொல்லும்போது எனக்கு உள்ளே நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

7

முடிவுகள்.

அ. பலகை உண்மையாகவே இறங்கியிருந்தது. பொறாமையில் கை தூக்கினாலும், அந்தக் கை அவள் உயிரைக் காப்பாற்றிவிட்டது. இதை எழுதும்போது பேனா நிற்காமல் ஓடியது, நானே அழுதேன். மறுநாள் படித்ததும் குறுக்கே கோடு போட்டேன்.

ஆ. தங்கைக்கு எல்லாம் முன்பே தெரியும். தெரிந்தே மன்னித்துவிட்டாள். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அவளுக்கு வசனம் எழுதும் சாக்கில் என்னை நானே மன்னித்துக்கொள்வதற்கு வசதியாக இருக்கிறது.

இ. அவள் மருந்துக்கடைக்குப் போய்விடுகிறாள். எண்பது டன்னுக்கு வேறு ஆள் இல்லாததால் அது எனக்கு வருகிறது. மூன்றில் இதுதான் நடக்கக்கூடியது. இதற்காக நான் எதுவும் எழுத வேண்டியதுகூட இல்லை. சாயங்காலம்வரை பேசாமல் இருந்தால் போதும்.

8

வாசகரே, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி. இனி நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும். நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் ஒருத்தி இருக்கிறாள். எழுத்துப்பிழை திருத்துவாள், நீளமான வாக்கியத்தின் பக்கத்தில் மூச்சு முட்டுகிறது என்று எழுதிவைப்பாள். இந்தக் கதையின் முடிவு அவளிடம்தான் இருக்கிறது.

மணி மூன்றேகால். கொக்கியில் சுமை இல்லை, என்ஜினை அணைத்துவிட்டேன். இரும்புத் தூண் ஏற்றிவரும் லாரி ஐந்தரைக்குத்தான் வருமாம். இப்போதுதான் கீழேயிருந்து கேட்டாள்.

"கதை முடிஞ்சுதாக்கா?"

"முடிவு மட்டும் பாக்கி."

"குடு, படிச்சுட்டுச் சொல்றேன்."

கொடுக்கப் போகிறேன். அதனால் இனி எழுதுவது உனக்கு.

பலகை இறங்கவில்லை. நான் எதையும் பார்க்கவில்லை. அன்றைக்கு உனக்கு ஒன்றும் தெரியாமல் போனதற்குக் காரணம், அங்கே ஒன்றும் இல்லை. நீ உட்கார்ந்திருந்த இடத்தில் உனக்குத் தெரிந்ததுதான் சரி. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மூன்று மாதமாக வாய் வரவில்லை. தாளில் சொல்வதற்கே ஏழு பகுதி சுற்றி வந்திருக்கிறேன்.

திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. நாளை நீ ஒரு பந்துகூட விழாமல் தேறுவாய், எனக்கு வயிறு எரியும். எண்பது டன்னில் நீ ஏறி உட்காரும்போது இன்னும் எரியும். அது என் பாடு. மில்லிமீட்டரிடமும் மேனேஜரிடமும் நானே போய்ச் சொல்கிறேன். அதற்குப் பிறகு இந்த இருக்கையில் என்னை வைத்திருப்பார்களா, வீட்டில் நீ என்னோடு பேசுவாயா, அம்மாவிடம் யார் சொல்வது, எதுவும் எனக்குத் தெரியாது. அதையெல்லாம் நான் எழுதமாட்டேன்.

பயிற்சி அலுவலகத்தில் ஐந்து மணிவரைதான் பெயர் வாங்குவார்கள். நடந்து போனால் இருபது நிமிஷம். என்னைத் திட்ட வேண்டும், அடிக்க வேண்டும் என்று தோன்றினால் அது நியாயம்தான். பெயர் கொடுத்துவிட்டு வந்து அடி.